பெடு ஏரிக்குப் போவோமா? காட்டுக்குள் ஒரு மாபெரும் தண்ணீர்த் தொட்டி

பள்ளி விடுமுறை என்றதும் லங்காவியும் பினாங்குக் கடற்கரையும்தான் நம் நினைவுக்கு வரும். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் வாழும் மாணவர்கள் பலருக்கு, நம் கெடா மாநிலத்தின் வடகிழக்கில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டுக்குள் மூன்று பெரிய ஏரிகள் இருப்பது தெரியாது. அவை பெடு, மூடா, அஹ்னிங். அலோர் ஸ்டாரிலிருந்து கோலா நெராங் வழியாகச் சென்றால் பெடு ஏரியை அடையலாம். படகுப் பயணம், தூண்டில் போடுதல், முகாம் அமைத்தல், பறவை பார்த்தல் என அங்குச் செய்ய எவ்வளவோ இருக்கின்றன. அறிவியல் கண்ணோடு போனால் இன்னும் அதிகமாகப் பார்க்கலாம்.

ஏரி எப்படிப் பிறந்தது?

பெடு இயற்கையான ஏரி அன்று. 1960களின் பிற்பகுதியில், மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின்கீழ் உலக வங்கியின் கடனுதவியோடு இரண்டு அணைகள் கட்டப்பட்டன. பெடு ஆற்றின் குறுக்கே பாறைகளைக் குவித்து ஓர் அணையும், மூடா ஆற்றின் குறுக்கே கான்கிரீட் அணையும் எழுந்தன. ஆறுகள் தேங்கின, பள்ளத்தாக்குகள் நிரம்பின, மலை உச்சிகள் தீவுகளாயின. இன்று ஏரியில் நீங்கள் காணும் சின்னச் சின்னத் தீவுகள் ஒருகாலத்தில் குன்றுகள்தான்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். மழைநீர் வழிந்து ஒரு ஏரிக்கு வந்து சேரும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். மூடா அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 984 சதுர கிலோமீட்டர். ஆனால், மூடா ஏரி கொள்ளும் நீர் 160 மில்லியன் கன மீட்டர் மட்டுமே. பெடுவின் நிலைமை தலைகீழ். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 171 சதுர கிலோமீட்டர்தான். கொள்ளளவோ 1,000 மில்லியன் கன மீட்டருக்கும் மேல்.

ஆண்டுக்கு 2 மீட்டர் மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டுக்கூட ஆவியாகாமல், மண்ணில் ஊறாமல் வந்து சேர்ந்தாலும், பெடு தன் சொந்த மழையால் நிரம்ப ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். மூடாவுக்கோ 163 மில்லிமீட்டர் மழைநீரே போதும். அதன்பின் வரும் நீர் வழிந்தோடிவிடும். ஒன்று சின்னக் குடம், பெரிய குழாய். மற்றொன்று பெரிய குடம், சின்னக் குழாய். பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு ஏரிகளுக்கும் இடையிலான மலையைக் குடைந்து, ஆறு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சாயோங் சுரங்கத்தை அமைத்தார்கள். மூடாவின் உபரி நீர் பம்பு எதுவுமின்றி, புவியீர்ப்பு விசையால் மட்டுமே பெடுவுக்குப் போய்ச் சேர்கிறது.

படகில் ஏறியதும் கவனியுங்கள்

கரையோரம் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதற்குமேல் பச்சைக் காடு, கீழே தண்ணீர். அந்தப் பட்டைதான் ஏரியின் அளவுகோல். வறண்ட மாதங்களில் நீர் இறங்க இறங்கப் பட்டை அகலமாகும். இருமுறை போகிறவர்கள் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீருக்கு வெளியே பட்டமரங்கள் நீட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். மரம் மட்கக் காற்றில் உள்ள ஆக்சிஜன் தேவை. நீருக்கடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால், மூழ்கிய பகுதி மிக மெதுவாகவே சிதையும். இதில் ஆபத்தும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மரக்கட்டைகள் நீருக்கடியில் நிற்கும். ஆகவே, கண்ட இடத்தில் குதிக்கவே கூடாது.

ஏரியில் கை விட்டால் மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழம் போகப் போகக் குளிரும். சூடான நீர் அடர்த்தி குறைந்தது என்பதால் மேலே மிதக்கிறது. 1,000 லிட்டர் நீர் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 997 கிலோகிராம் இருக்கும். 30 பாகையில் 995.6 கிலோகிராம்தான். இந்தச் சிறு வேறுபாடே இரண்டு அடுக்குகளும் எளிதில் கலக்காமல் தடுக்கப் போதுமானது. மேலடுக்கின் ஆக்சிஜன் கீழே இறங்காமல் போவதும் இதனால்தான்.

‘தோமான்’ எனும் பெரிய விரால் இன மீன் அவ்வப்போது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அதன் குஞ்சுகள் கூட்டமாக நீந்த, தாயும் தந்தையும் கீழே காவல் இருக்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்தைக் குறிவைத்துத் தூண்டில் போட்டால் பெற்றோர் சிக்கிவிடும். காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். நல்ல தூண்டில்காரர் அங்கே தூண்டில் போடமாட்டார்.

மூடா ஏரிக்கு அப்பால்

சீக் மாவட்டத்தின் குபீர் படகுத்துறையிலிருந்து மூடா ஏரி வழியாக உலு மூடா காட்டுக்குப் போகலாம். வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். அங்கு இருவாய்ச்சிப் பறவைகள் கூட்டமாகப் பறக்கும். அத்திப் பழங்களைத் தின்று விதைகளைத் தொலைவில் போடும் அவை, சம்பளம் வாங்காத காடு வளர்ப்பாளர்கள். தாவர உணவில் சோடியம் குறைவு என்பதால், யானைகள் உப்புச் சத்துள்ள ஊற்றுகளைத் தேடி வருகின்றன. உள்ளூர் மலாய்க்காரர்கள் இவ்வூற்றுகளைச் ‘சிரா’ என்பார்கள்.

நமக்கும் அந்தக் காட்டுக்கும் என்ன தொடர்பு?

பெடுவில் திறந்துவிடப்படும் நீர் பாடாங் தெராப் ஆற்றில் இறங்கி, பெலுபாங் தடுப்பணையில் கால்வாய்களுக்குத் திருப்பப்படுகிறது. கெடா, பெர்லிஸ் சமவெளியில் 96,000 ஹெக்டேருக்கும் அதிகமான நெல்வயல்கள் இந்தப் பாசனத்தில் அடங்கும். 1970க்கு முன் மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறைதான் நெல் விளைந்தது. இந்த நீர் வந்தபின் இருமுறை விளைகிறது. மூடா ஆறு சீக், பாலிங், கோலா மூடா மாவட்டங்கள் வழியே ஓடிக் கடலில் கலக்கிறது. நம் வட்டாரத்துக் குழாய்த் தண்ணீருக்கு அதுவே முக்கிய ஆதாரம். பினாங்குக்குத் தேவையான நீரிலும் ஏறக்குறைய 80 விழுக்காடு அந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. வறண்ட காலத்தில் ஆற்றுக்குக் கைகொடுக்கவே, சீக்கிற்கு அருகில் பெரிஸ் அணை 2004இல் கட்டி முடிக்கப்பட்டது.

அணை தண்ணீரைச் சேமிக்கும், உண்டாக்காது. காட்டு மண்ணும் சருகும் வேர்களும் பஞ்சுபோல் மழையை உறிஞ்சி, வாரக்கணக்கில் மெல்லக் கசியவிடுகின்றன. மரங்களை வெட்டினால் மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடும். மண் ஏரியின் அடியில் படியும்; கொள்ளளவு குறையும். பிறகு மழை பெய்தும் வெள்ளம், மழை நின்றால் தட்டுப்பாடு. உலு மூடாவில் மரம் வெட்டுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுவதற்குக் காரணம் இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு நெகிழிப் போத்தல்களை நெடுக்குவாக்கில் வெட்டி, வாய்ப்பகுதி சற்றுத் தாழ்ந்திருக்குமாறு சாய்த்து வையுங்கள். ஒன்றில் வெறும் மண்; மற்றொன்றில் புல்லும் வேரும் உள்ள மண், மேலே கொஞ்சம் சருகு. இரண்டிலும் ஒரே அளவு நீரைத் தெளியுங்கள். வாய்வழியே வரும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். எதில் நீர் விரைவாக வருகிறது? எது கலங்கலாக இருக்கிறது? நேரத்தையும் அளவையும் அட்டவணையாக்குங்கள்.

ஏரிக்குப் போனால் இன்னொன்று செய்யலாம். வெள்ளை மூடி ஒன்றைக் கல்லோடு கயிற்றில் கட்டி, கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்க, படகிலிருந்து மெல்ல இறக்குங்கள். மூடி எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. கனமழைக்கு மறுநாள் அந்த அளவு குறைந்தால், மேலே எங்கிருந்தோ மண் கரைந்து வருகிறது என்று பொருள்.

போகும்போது உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள்; குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். அந்த ஏரிகளின் நீர்தான் வயலில் நெல்லாகிறது. அந்தக் காட்டின் நீர்தான் நம் வீட்டுக் குழாயிலும் வருகிறது.