இயங்குறுப்பு ஈந்தணைவிச் சேர்மங்களின் காந்தப் பண்புகள்

இயங்குறுப்பு ஈந்தணைவி என்பது இணையுறாத எதிர்மின்னி ஒன்றைக் கொண்ட நிலையில் உலோக அயனியுடன் பிணையும் மூலக்கூறு அல்லது அயனி ஆகும். நீர், அம்மோனியா போன்ற வழக்கமான ஈந்தணைவிகளில் எதிர்மின்னிகள் யாவும் இணையுற்றிருப்பதால், அவற்றின் அணைவுச் சேர்மங்களில் காந்தத் திருப்புத்திறனை உலோகத்தைக் கொண்டே கணக்கிடலாம். செமிகுயினோன், நைட்ராக்சைடு போன்ற இயங்குறுப்புகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

தற்சுழற்சிப் பிணைப்பு

உலோகத்தின் இணையுறாத எதிர்மின்னி இருக்கும் ஆர்பிட்டாலும் ஈந்தணைவியின் ஆர்பிட்டாலும் மேற்பொருந்தினால், தற்சுழற்சிகள் எதிரெதிராக அமைகின்றன (எதிர்பெர்ரோ காந்தப் பிணைப்பு). அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்து மேற்பொருந்தாவிடில், தற்சுழற்சிகள் ஒரே திசையில் அமைகின்றன (பெர்ரோ காந்தப் பிணைப்பு).

செப்பு 2+ அயனி, இயங்குறுப்பு ஆகிய இரண்டும் ஒவ்வோர் இணையுறா எதிர்மின்னி உடையவை. அவை தனித்தனியே இயங்கினால் திருப்புத்திறன் 2.45 போர் மாக்னெட்டான். ஒரே திசையில் பிணைந்தால் 2.83, எதிர்த்திசையில் பிணைந்தால் சுழி. ஒரே தளத்தில் பிணைந்த செப்பு-செமிகுயினோன் சேர்மங்களில் பெர்ரோ காந்தப் பிணைப்பு காணப்படுகிறது. பூஞ்சையிலிருந்து பெறப்படும் கேலக்டோசு ஆக்சிடேசு நொதியத்திலோ நிலைமை நேர்மாறு. அதன் செயல்படு வடிவம் எதிர்மின்னிப் பாராகாந்த ஒத்திசைவில் குறிகை எதுவும் தருவதில்லை. இதனால் அதில் செப்பு 3+ இருப்பதாக ஒரு காலத்தில் கருதப்பட்டது. உண்மையில் அங்கிருப்பது செப்பு 2+ அயனியும் டைரோசின் இயங்குறுப்பும் என்பது 1988இல் வெளியான ஆய்வுக்குப் பின்னரே தெளிவாகியது. காந்த அளவீட்டை மட்டும் கொண்டு உலோகத்தின் ஆக்சிசனேற்ற நிலையை முடிவு செய்வது எத்துணை தவறாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

லாந்தனைடுகள்

லாந்தனைடுகளின் 4எஃப் ஆர்பிட்டால்கள் அணுவின் உட்புறத்தே புதைந்திருப்பதால், இரு லாந்தனைடு அயனிகளுக்கிடையிலான காந்தப் பிணைப்பு பொதுவாக மிக வலுக்குறைந்தது. இரு கடோலினியம் அயனிகளை, இரட்டை எதிர்மின்சுமை கொண்ட நைட்ரசன் மூலக்கூறு இணைக்கும் சேர்மம் ஒன்றில் பிணைப்பு மாறிலியின் அளவு 0.49 செ.மீ⁻¹ மட்டுமே. அந்த நைட்ரசன் பாலத்திற்கு மேலும் ஓர் எதிர்மின்னியை அளித்து அதனை இயங்குறுப்பாக மாற்றியபோது, உலோகத்துக்கும் பாலத்துக்கும் இடையே 27 செ.மீ⁻¹ அளவுள்ள பிணைப்பு தோன்றியது. செப்ரி லாங், வில்லியம் எவன்சு ஆகியோரின் குழுக்கள் இதனை 2011இல் வெளியிட்டன.

இங்குப் பிணைப்பு எதிர்பெர்ரோ வகையினதே. ஆயினும் காந்தத் தன்மை அழிவதில்லை. பாலத்திலுள்ள ஒற்றை எதிர்மின்னிக்கு எதிராக ஒவ்வொரு கடோலினியத்தின் 7 எதிர்மின்னிகளும் திரும்புவதால், அப்பதினான்கும் தம்முள் ஒரே திசையில் அமைகின்றன. நிகரமாக 13 எஞ்சுகின்றன. இதே அமைப்புடைய டெர்பியம் சேர்மம் ஏறத்தாழ 14 கெல்வின் வரை காந்தத் தயக்கம் காட்டியது. ஒற்றை மூலக்கூறு காந்தங்களில் அது அன்றைய உச்ச அளவு ஆகும். 2018இல் அறிவிக்கப்பட்ட, இயங்குறுப்பு இல்லாத டிசிப்ரோசியம் சேர்மம் ஒன்று 80 கெல்வினை எட்டி அதனை வெகுவாக விஞ்சியது.

அறை வெப்பநிலைக் காந்தம்

தனி மூலக்கூறாக அன்றித் தொடர் வலையமைப்பாக அமையும்போது இப்பிணைப்பின் ஆற்றல் இன்னும் மிகுதி. 1991இல் சோயல் மில்லர், ஆர்தர் எப்சுடைன் ஆகியோரின் குழுக்கள் அறிவித்த வனேடியம்-டெட்ராசயனோ எத்திலீன் சேர்மம் அறை வெப்பநிலையிலும் காந்தமாக விளங்குகிறது. வனேடியம் 2+ அயனியின் 3 எதிர்மின்னிகளை, ஏறத்தாழ இரண்டு இயங்குறுப்புகள் எதிர்க்கின்றன. எஞ்சும் ஒன்றே அக்காந்தத்துக்கு அடிப்படை. இப்பொருள் படிக உருவற்றது. காற்றுப் பட்டால் சிதைந்துவிடும்.