கால் பின்னும் முன்பே கிளம்புங்கள்
வீட்டு நாய்களின் உடல்நலம் – 9

டாஷண்ட் நாய்களின் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணுவைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதே மரபணுவின் இன்னொரு நகல் 12ஆம் குரோமோசோமில் இருப்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகளின் கூழ், இந்த நகலால் இளம் வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பேறிவிடுகிறது. பிறகு ஒருநாள் டிஸ்க் கிழிந்து, உள்ளிருப்பது தண்டுவடத்தை அழுத்துகிறது. ஏறத்தாழ ஐந்து டாஷண்ட்களில் ஒன்றுக்கு இது வருகிறது. மூன்று முதல் ஏழு வயதுவரைதான் அதிகம். சோபாவிலிருந்து குதித்ததால்தான் வந்தது என்று வளர்ப்பவர்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பிறவியிலேயே உள்ள பலவீனம் இது. ஆனால் முதல் அறிகுறிக்குப் பிறகு ஓடும் நேரம் நம் பொறுப்பு.

முதலில் தெரிவது வலி மட்டுமே. முதுகைக் கூனி நிற்கும், படி ஏறத் தயங்கும், தூக்கினால் அலறும், வயிற்றை இறுக்கிக்கொள்ளும். வயிற்று வலி என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அடுத்து, நடையில் பின்னங்கால் பின்னும். நகம் தரையில் உரசும் சத்தம் கேட்கும். பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மெல்ல மடித்து வைத்தால், நலமுள்ள நாய் உடனே திருப்பிக்கொள்ளும். திருப்பாமல் அப்படியே வைத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓய்வு கொடுத்தாலே சரியாகிவிடுமே என்பார்கள். நடக்க முடிகிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் அந்த ஓய்வு, குறைந்தது நான்கு வாரம் கூண்டுக்குள், சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே வருகிற ஓய்வு. வலி மாத்திரை மட்டும் கொடுத்து அவிழ்த்துவிட்டால், வலி மறந்த நாய் மறுபடி குதிக்கும். நம் வீட்டு பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் அதற்கு நஞ்சாகலாம்.

விரலைக் கிள்ளினால் காலை இழுக்கிறதே, உணர்வு இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். கால் இழுப்பது மூளைக்குத் தெரியாமலே நடக்கும் அனிச்சைச் செயல். நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதே கணக்கு. கால் முடங்கியும் அந்த ஆழ்ந்த வலியுணர்வு மிச்சமிருக்கும்போது அறுவை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மீண்டும் நடக்கின்றன. அதுவும் போனபின் செய்தால் பாதிதான் தேறும். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டத்துக்குச் சில மணி நேரத்தில் போய்விடக்கூடும்.

இந்த நேரக் கணக்கு தென் கொல்கத்தாவின் ஜாதவ்பூர்வாசிகளுக்குக் கூடுதலாகப் பொருந்தும். 1893இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வட கொல்கத்தாவின் பெல்காச்சியாவில். தெற்கிலிருந்து நகரத்தையே கடக்க வேண்டும். முதுகுத்தண்டு அறுவையும் எம்ஆர்ஐயும் எங்கே கிடைக்கும், இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை நாய் நலமாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து இறக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். முதுகு வளையக் கூடாது.

அறுவைக்குப் பணமில்லை, ஓடி என்ன பயன் என்று கேட்பவர்களின் தவிப்பு நியாயமானது. இருந்தும் போகத்தான் வேண்டும். எந்தக் கட்டம் என்று தெரிந்தால்தான் கூண்டு ஓய்வை நம்பலாமா என்று முடிவு செய்ய முடியும். முடங்கிய நாயால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமல் போகலாம். சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவர் கைபிடித்துக் காட்டுவார். வலியுணர்வு இருக்கும் நாய்கள் பல, அறுவை இல்லாமலும் வாரக்கணக்கில் தேறி நடந்திருக்கின்றன. பணம் இல்லாதவருக்குத்தான் சீக்கிரம் போவது இன்னும் அவசியம்.