வலித்தாலும் வாலாட்டும்! நாயின் மூட்டு நோயை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

திருப்பத்தூர்:

பால்காரர் சைக்கிள் மணி அடித்தால் போதும், பாய்ந்து ஓடி வரும் நாய் அது. ஒரு மாதமாகப் படுத்த இடத்திலிருந்தே குரைக்கிறது. எழுந்து வருவதில்லை.

வீட்டுக்காரரைக் கேட்டால் என்ன சொல்வார்? "வயசாயிடுச்சி சார், சோம்பேறி ஆயிட்டான்" என்பார். நாய்க்கு வயது என்ன? ஐந்து!

இது சோம்பேறித்தனம் அல்ல. மூட்டு வலியாக இருக்கலாம். இந்த நோயைக் கண்டுபிடிப்பது போலீஸ் துப்புத் துலக்குவது மாதிரிதான். பாதிக்கப்பட்டவர் வாயே திறக்க மாட்டார். தடயங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கத்தாது!

காலில் வண்டி ஏறினால் நாய் கத்தும். நாள்பட்ட மூட்டு வலிக்குக் கத்தாது. தட்டில் போட்டதைச் சாப்பிடும். எஜமானரைக் கண்டால் வாலாட்டும். "நல்லாத்தானே சாப்பிடுது" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஏமாறுவது இங்கேதான்.

வேலூரிலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூரில் நாய் வளர்ப்பவர்கள் பலர். வாணியம்பாடி, ஆம்பூர் டேனரி கேட்டுகளிலும், ஏலகிரி அடிவாரத் தோப்புகளிலும் காவலுக்குக் கட்டுகிறார்கள். டவுன் வீடுகளில் லாப்ரடார், அல்சேஷன், பொமரேனியன். காவல் நாய்க்குக் கால் போனால் பிழைப்பே போச்சு. சங்கிலியை அவிழ்த்துத் தெருவில் விடப்படும் நாய்களில் நொண்டி நாய்களும் உண்டு. சீக்கிரம் கவனித்திருந்தால் அவற்றில் பல இன்னும் கேட்டிலேயே இருந்திருக்கும்.

முதல் தடயம்

காலையில் நாய் எழுந்திருப்பதைப் பாருங்கள். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து இழுத்து எழுந்திருக்கிறதா? முதல் பத்து அடி விறைப்பாக நடந்து, தெருமுனை போவதற்குள் சரியாகி விடுகிறதா? "நடந்தா சரியாப் போயிடுது" என்று விட்டுவிடாதீர்கள். தேய்ந்த மூட்டின் குணமே அதுதான். சூடேறினால் இளகும், படுத்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மாடிப்படியில் தயங்குவது, ஸ்கூட்டரில் தாவி ஏறும் நாய் தூக்கிவிடச் சொல்லி நிற்பது, ஒரே மூட்டை நாள் முழுக்க நக்குவது, ஒரு பக்கத் தொடை மட்டும் சூம்பிப் போவது ஆகியவையும் தடயங்கள்தான். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதித்துக் குதித்து ஓடினால் இடுப்பு மூட்டில் சந்தேகப்பட வேண்டும். குட்டி நாய் அப்படி ஓடினால் வேடிக்கையாக இருக்கும். வீட்டுக் குழந்தைகள் கைதட்டுவார்கள். ஆனால் ஆறு மாதக் குட்டியிலேயே இந்த நோய் தெரிய ஆரம்பிக்கும்.

முன்னங்காலில் வலி என்றால் தலையைக் கவனிக்க வேண்டும். வலிக்கிற கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். தலை இறங்குகிற பக்கத்துக் காலைப் பிடித்துத் தைலம் தேய்க்கிறவர்கள் உண்டு. அது நல்ல கால்!

பொமரேனியன் போன்ற சின்ன ஜாதியில் கதை வேறு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி மூன்று காலில் நாலு அடி வைக்கும். காலை உதறும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவி, மறுபடி உட்காருவதால் வருவது இது.

அடிக்காதீர்கள்

சாதுவான நாய் இடுப்பைத் தொட்டதும் உறுமுகிறது. குழந்தை மேலே சாய்ந்தால் சீறுகிறது. உடனே "வெறி பிடிச்சிடுச்சி" என்று தடியை எடுக்கிறார்கள். மூட்டு வலியில் உறுமுகிற நாயும் உண்டு. குழந்தையைத் தள்ளி வைத்துவிட்டு மிருக டாக்டரிடம் காட்டுங்கள். கடித்துவிட்டால் மட்டும் வலியா வெறியா என்ற ஆராய்ச்சி வேண்டாம். கடிவாயைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எதனால் வருகிறது?

தொடை எலும்பின் பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். சில ஜாதிகளில் பிறவி வாகு காரணமாகக் கிண்ணம் ஆழமில்லாமல் போய்விடும். பந்து ஆடும். ஆட ஆடத் தேயும். நாய்களிடம் இந்தக் கோளாறு இருப்பதை 1935-ல் அமெரிக்காவில் எழுதி வைத்தார்கள். அல்சேஷன், லாப்ரடார், ராட்வீலர் ஜாதிகளுக்கு இது அதிகம். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி வேட்டை நாய்களுக்கு அபூர்வம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகுதான்.

கொலை நடந்த இடத்துக்கு மோப்ப நாய் வந்தால் பத்திரிகைகளில் ஒரு வரி தவறாமல் வரும். "நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்று. ஏன் நின்றது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை! பாதுகாப்புப் படைகள் இப்போது எடை குறைந்த பெல்ஜியன் மலினாய் நாய்களை அதிகம் வைத்துக்கொள்கின்றன.

நொண்டுகிற நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் என்றும் நினைக்கக்கூடாது. உண்ணி கடித்து வரும் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று நொண்டும். கூடவே காய்ச்சல் இருக்கும், சோறு இறங்காது, சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். வியட்நாம் சண்டையில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இந்த நோயால்தான். இதற்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. நாள் கடத்தினால் ஆபத்து. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உஷார்! மெடிக்கல் மாத்திரை

இதுதான் முக்கியம். நாய் நொண்டினால் உடனே மெடிக்கல் ஷாப்பில் "மூட்டு வலி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று வாங்கி, சோற்றில் பொதிந்து போட்டுவிடுகிறார்கள். மனுஷனுக்குக் கொடுக்கும் ஐபுபுரூபன், டைக்ளோபினாக் மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்புக் கழிச்சல் கண்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். பாரசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை எமன்!

டைக்ளோபினாக்கின் வரலாறு தெரியுமா? அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. நாய்க்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும்.

பிரியாணி வேண்டாம்

குண்டு நாய்க்கு மூட்டு சீக்கிரம் போகும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால்வாசியைக் குறைத்து மற்றதுக்குக் கொடுத்து வளர்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

ஆம்பூர் பக்கம் விருந்து என்றால் மிஞ்சின பிரியாணி நாய்க்குத்தான் போகிறது. அதில் இருக்கும் எண்ணெயும் வெங்காயமும் அதற்கு ஆகாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறையுங்கள்.

பெரிய ஜாதிக் குட்டிக்கு "எலும்பு கெட்டியாகட்டும்" என்று கால்சியம் டானிக் ஊற்றுவதும் தப்பு. ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே கிரேட் டேன் குட்டிகளை வைத்துப் பார்த்துவிட்டார்கள். கால்சியம் அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கோணலாகிறது.

பளபளக்கும் டைல்ஸ் தரையும் ஒரு வில்லன். கால் வழுக்க வழுக்க மூட்டு இழுபடும். நாய் நடக்கிற வழியில் கோணிச் சாக்கு விரித்தால் போதும். காசு செலவில்லை.

டாக்டரிடம் போகும்போது

மாட்டாஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பயத்தில் நாய் நொண்டாமல் நடக்கும். டாக்டர் நம்மைப் பார்ப்பார், நாம் நாயைப் பார்ப்போம்! அதனால் வீட்டில் எழுந்திருப்பதையும், பக்கவாட்டில் நடப்பதையும், படி ஏறுவதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கால், காலையிலா மாலையிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் மயக்க ஊசி போடுவார்கள். பயப்படத் தேவையில்லை. ஆபரேஷன் வரைக்கும் போகிற கேஸ் என்றால் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

வேப்பேரிக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டு போகிறவர்கள் நாயை முன்கூட்டியே பார்சல் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றும் டாக்டர் தரும் உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும். நொண்டுகிற நாயைப் படிக்கட்டில் இழுக்க வேண்டாம். வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கி ஏற்றுங்கள்.