எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போய்வரும் அன்பர்கள் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் நன்கு அறிவார்கள். பாறசாலை தாண்டிச் சற்று நேரத்தில் கடைப் பலகைகளில் மலையாள எழுத்து போய்த் தமிழ் எழுத்து வரும். களியக்காவிளை வந்துவிட்டது என்று பொருள். நான் பிறந்த வீடு அந்த எல்லைக்கு இப்பால், பாறசாலைக்கு அருகில். என் தாயார் பிறந்த வீடு அப்பால். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை.

பழைய கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் என் தமக்கையின் பேத்திதான். தமக்கையின் மருமகள் கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண். வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. குழந்தையின் எடையை அங்குள்ள அங்கன்வாடியில் பார்த்துத் தமிழ் அட்டையில் குறித்தார்கள். ஆறாம் மாதம் 6.9 கிலோ, ஒன்பதாம் மாதம் 7.3 கிலோ. பிறகு தாயும் சேயும் பாறசாலைக்கு வந்தார்கள். சென்ற ஆண்டு நான் ஊருக்குப் போயிருந்தபோது, இங்குள்ள அங்கன்வாடியில் புதிதாகக் கொடுத்த மலையாள அட்டையைக் கண்டேன். அதில் ஒரே ஒரு புள்ளி: பதினெட்டாம் மாதம், 7.8 கிலோ. ஒன்பது மாதத்தில் குழந்தை ஏறியது அரைக் கிலோதான்!

“இடையில எடை எடுக்கலியா மக்களே?” என்று மருமகளைக் கேட்டேன். “அங்க பேரு கெடக்குல்லா மாமா, அங்க போறப்போ எடுக்கலாம்னு இருந்தேன்” என்றாள். அப்பாலுள்ள டீச்சரோ, குழந்தை கேரளத்துக்குப் போய்விட்டது, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெயர் இரண்டு ஊரிலும் இருந்தது. குழந்தை மட்டும் எந்தத் தராசிலும் ஏறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவின்படி, பதினெட்டு மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 10.2 கிலோ. 8.1 கிலோவுக்குக் கீழே போனால் அட்டையில் மஞ்சள் நிறம், 7.2க்குக் கீழே ஆரஞ்சு. எங்கள் குழந்தை மஞ்சளில் நின்றாள். ஆனால் பார்ப்பதற்கு நோஞ்சானாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஊட்டக்குறைவு கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

என் தம்பி மகன் நிலவியல் படித்தவன். நிலப்படத்தை வைத்து நோயைத் தேடும் முறையை அவன்தான் எனக்கு விளக்கினான். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்துப் பார்த்தார். அவை ஒரு குறிப்பிட்ட தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. ஊட்டக்குறைவையும் அப்படியே பார்க்கலாம். ஒவ்வோர் அங்கன்வாடியின் இடத்தையும் படத்தில் குறித்து, அங்குள்ள குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் சேர்த்தால், மெலிந்த குழந்தைகள் எங்கே கூட்டமாக இருக்கிறார்கள் என்பது தெரியும். அதன் மேல் குடிநீர், பாதை, தாய்மார் வேலைக்குப் போகும் தூரம் ஆகியவற்றையும் வைத்துப் பார்த்தால் காரணமும் ஓரளவு புலப்படும். நிலப்படம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஆக்குளத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து, ஊர்மக்களைக் கொண்டே பஞ்சாயத்துகளின் வளங்களைப் படமாக்கின.

இது ஏன் வேண்டும்? ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 2015-16இல் நூற்றுக்கு 19.7 பேர்; 2019-21இல் 23.4 பேர். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 27.1லிருந்து 25.0 ஆகக் குறைந்தது. கேரளம் என்றால் கவலையில்லை என்று இருந்த நமக்கு இது ஓர் எச்சரிக்கை. ஆனால் மாநிலச் சராசரி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்வதில்லை. 2021இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எஸ்.வி.சுப்பிரமணியன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 2015-16 கணக்கெடுப்பையும் 2011 மக்கள்தொகைக் கணக்கையும் இணைத்து, இந்தியாவின் ஏறத்தாழ 6 லட்சம் கிராமங்களுக்கு ஊட்டக்குறைவை மதிப்பிட்டுப் படமாக்கினார்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளும் கிராமத்துக்குக் கிராமம் நிலைமை பெரிதும் மாறுவதை அது காட்டியது. ஆயினும் அது மதிப்பீடுதான். வீடு வீடாக எடுத்த எடையல்ல.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஊரின் நிலையைக் கணிக்க அயலூர்களின் நிலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பொழியூருக்கு அடுத்த ஊர் நீரோடி. ஆனால் கேரளக் கணக்கை மட்டும் வைத்துப் படம் வரைந்தால், பொழியூருக்கு அப்பால் ஊரே இல்லாதது போல் ஆகிவிடும். நீரோடிக்கும் அதே கதிதான். இரண்டு மாநிலப் படங்களையும் ஒட்டிப் பார்த்தால்தான் இந்த ஊர்களுக்கு அயலார் கிடைப்பார்கள்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, இருபுறமும் எங்கள் உறவில் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளைத் தம்பி மகன் ஒரு தாளில் குறித்தான். தமக்கை எட்டிப் பார்த்துவிட்டு, “எம் பேத்திக்குப் பேரைப் போட்டு ஊரெல்லாம் காட்டாதே, கேட்டியா?” என்றாள். அவள் சொன்னது நியாயம். குறைபட்ட குழந்தையின் வீட்டைப் படத்தில் காட்டுவது அந்தத் தாயைத் தெருவில் நிறுத்துவதாகும். அதனால்தான் தேசியக் கணக்கெடுப்பிலும் கிராமத்துப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரை இடம் மாற்றியே வெளியிடுகிறார்கள். ஊர் டீச்சருக்கு வீடு தெரிய வேண்டும். உலகத்துக்கு ஊர் தெரிந்தால் போதும்.

குழந்தைக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்தோம். மரச்சீனியும், நீர்த்த கஞ்சியும். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. இடையில் இரண்டு முறை வயிற்றுப்போக்கும் வந்திருக்கிறது. குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் மாவு இங்கே அங்கன்வாடி வழியாகக் கிடைக்கும். அதையும் இந்த வீட்டார் கேட்டு வாங்கவில்லை. பிறகு மாவை வாங்கினார்கள். கஞ்சியில் பயறும் தேங்காயெண்ணெயும் சேர்ந்தன. முட்டையும், முள் நீக்கிய நெத்தோலியும், எங்கள் பாட்டி காலத்து ஏத்தங்காய்ப் பொடியும் திரும்பி வந்தன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021 முதல் அங்கன்வாடிகளில் போஷன் டிராக்கர் என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. குழந்தையின் பெயரை ஓர் அங்கன்வாடியிலிருந்து மற்றொன்றுக்கு, மாநிலம் விட்டு மாநிலம்கூட, அதில் மாற்றிக்கொள்ள வழியுண்டு. நாம்தான் டீச்சரிடம் சொல்ல வேண்டும். உங்கள் மகளோ மருமகளோ கைக்குழந்தையோடு எல்லை தாண்டும்போது, துணிமணியோடு எடை அட்டையையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குள்ள தராசில் குழந்தையை ஏற்றுங்கள்.

மூன்று மாதம் கழித்துத் தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். இருபத்தோராம் மாதம், 8.7 கிலோ. அந்த வயதுக்கு மஞ்சள் கோடு 8.6. ஒரு மயிரிழை மேலேதான், ஆனாலும் பச்சை. தமிழ் அட்டையையும் மலையாள அட்டையையும் சேர்த்துத் தைத்து ஒரே உறையில் வைத்திருப்பதாகச் சொன்னாள்.