ஜவ்வு கிழிஞ்சா... கத்தியா, கசரத்தா?

ஏனாத்தூர் கேம்பஸ் பக்கம் சாயங்காலம் போயிருக்கீங்களா? கபடி ரெய்டு அனல் பறக்கும். அப்போ திடீர்னு முட்டிக்குள்ளே 'டப்'! கொஞ்ச நேரத்துல பன்னு மாதிரி வீக்கம். "மச்சி, ஜவ்வு போச்சுடா!"

உடனே ஆளாளுக்கு டாக்டர்தான். "திருத்தணி தாண்டிப் போனா புத்தூர் கட்டு இருக்குடா" என்பான் ஒருத்தன். "ஆபரேஷன்தான், வேற வழியே இல்லை" என்பான் இன்னொருத்தன்.

பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வெச்சுப் போடுற புத்தூர் கட்டு, எலும்பை அசையாம பிடிச்சு வைக்கிற வித்தை. ஆனா, இங்கே கிழிஞ்சது முட்டிக்குள்ளே இருக்கிற ஏ.சி.எல். ஜவ்வு. எலும்பு கூடுற மாதிரி அது கூடிடும்னு நம்பிக் காத்திருக்க முடியாது. ஆபரேஷன்லகூட பெரும்பாலும் பழைய ஜவ்வைத் தைக்கிறதில்லை. காலிலிருந்தே வேற தசைநாரை எடுத்துப் புதுசா பொருத்துறாங்க.

அப்போ எல்லாருக்கும் உடனே கத்தியா? அதுதான் இல்லை! ஸ்வீடன்ல புதுசா அடிபட்ட 121 பேரை ரெண்டு அணியா பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு அணிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். இன்னொரு அணிக்கு முதல்ல பிசியோதெரபி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். 2010-ல் வெளியான ரிசல்ட்படி, ரெண்டு வருஷம் கழிச்சு வலியிலயும் விளையாட்டுலயும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டாவது அணியின் 59 பேரில் அதுக்குள்ளே ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவங்க 23 பேர்தான்!

ஆனா, 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு வேற கதை சொல்லுது. அதுல இருந்த 316 பேரும் அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவிக்கிட்டே இருந்தவங்க. அவங்களுக்கு ஆபரேஷன்தான் கூடுதல் பலன் தந்தது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி, 'ஜவ்வு கிழிஞ்சதா?' மட்டுமில்லை, 'நடக்கும்போதும் திரும்பும்போதும் முட்டி நழுவுதா?' என்பதும்தான். முட்டி நீட்ட முடியாம 'லாக்' ஆனா, தள்ளிப்போடாம எலும்பு டாக்டரைப் பாருங்க.

நம்ம பசங்க கோட்டை விடுறது அடுத்த கட்டத்துல. வலி போனதும் பிசியோதெரபிக்கு 'கட்' அடிச்சிட்டு, வீட்டுக்குத் தெரியாம கிரவுண்டுல இறங்கிடுறாங்க. ஆபரேஷன் முடிஞ்சவங்களை வெச்சு 2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒண்ணு இருக்கு. ஒன்பது மாசம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் அபாயம் பாதியாகக் குறையுதாம்!

கத்தியோ, கசரத்தோ... தொடைத் தசை பழைய பலத்துக்கு வர்ற வரைக்கும் பொறுமை வேணும் பாஸ். இந்த சீசன் போனா அடுத்த சீசன் வரும். முட்டி?