விரல் அறியும் மெருகு

“நீ மர வேலை செய்வதை நம்புகிறேன். ஆனால் பாலிஷ் போடுவது கண்ணுக்குரிய வேலையாயிற்றே. அதை எப்படிச் செய்கிறாய்?” என்று நம் கல்லூரித் தோழர் ஒருவர் கேட்டார். வகுப்புக்கு மணி அடித்துவிட்டதால் அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆறு வயதில் பார்வை இழந்தவன். மேலூர்ச் சாலையில் என் தாய்மாமன் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் நாற்காலி, முக்காலி, பூசை மாடம் ஆகியவற்றுக்கு மெருகேற்றுவது என் பொறுப்பு. இதை உலக அதிசயமாக எண்ண வேண்டாம். மதுரையை அடுத்த சுந்தரராசன்பட்டியில், பார்வையற்றோருக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் தரும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985 முதல் இயங்கி வருகிறது. அதைத் தோற்றுவித்த எஸ்.எம்.ஏ. ஜின்னாவும் பார்வையற்றவரே. இங்கிலாந்தில் கிறிஸ் ஃபிஷர் என்பவர் 2008இல் பார்வை போன பிறகுதான் மரக் கடைசலையே கற்றுக்கொண்டார், அதுவும் காணொலிகளைக் காதால் கேட்டு!

மெருகின் முக்கால் பங்கு உப்புத்தாளில் இருக்கிறது. 80ஆம் எண்ணில் தொடங்கி, 120, 220 என்று மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த கீறலை விரல் நுனி உடனே காட்டிக்கொடுக்கும். விரல் சலித்துப்போனால் மெல்லிய பழைய வேட்டித் துணியைச் சுற்றி இழுப்பேன்; சிராய் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பது வழக்கம். ஈரம் பட்டால் மரம் மயிர்க்கூச்செறிந்தாற்போல் சொரசொரக்கும். பசை வழிந்து காய்ந்த இடம் மட்டும் வழவழவென்று கிடக்கும். அதைச் சுரண்டிவிட்டு, உலர்ந்த பின் மறுபடி தேய்க்க வேண்டும். கண்ணுள்ள பலர் இந்தப் பசையைப் பாலிஷ் போட்ட பிறகே பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள்!

நாங்கள் பெரிதும் பயன்படுத்துவது அவலரக்கு. பலாசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து கிடைப்பது அது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அவலரக்கை இரவு முழுதும் ஊற வைப்போம். இரும்புப் பாத்திரம் ஆகாது; அரக்கு கறுத்துவிடும். காலையில் குச்சியால் கலக்கும்போது அடியில் கரையாத செதில்கள் நெருடினால் இன்னும் பொறுக்க வேண்டும். முதல் பூச்சுக்கான மெல்லிய கரைசல் புட்டியில் ஒரு ரப்பர் வளையம், கெட்டியானதில் இரண்டு. இந்த ஸ்பிரிட் நஞ்சு. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். ஆகவே பட்டறைக்குள் பீடிக்கு இடமில்லை. வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் சரி, வாடை வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன்.

பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கரைசலில் தோய்த்துப் பிழிந்துகொள்ள வேண்டும். இடக் கை பலகையின் விளிம்பைப் பிடித்திருக்கும். வலக் கை ஒரு கோடு இழுத்து முடித்ததும், பொட்டலத்தின் பாதி அகலமே நகர்ந்து அடுத்த கோட்டை இழுக்கும். ஈரமான பொட்டலம் ஓசையின்றி வழுக்கிச் செல்லும். உலரத் தொடங்கினால் ‘சரசர’ என்று இழுக்கும். அப்போதே நிறுத்தித் தோய்க்க வேண்டும்.

‘விட்டுப்போன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ என்பதே எல்லோரும் கேட்பது. ஸ்பிரிட் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பூசிய உடனே புறங்கையைத் தொடாமல் அருகில் கொண்டுபோனால் ஈரமான இடத்தின் மேல் குளிர்ச்சி தெரியும்; விட்டுப்போன இடத்தில் தெரியாது. இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஒரு சித்திரை வெயிலில் தற்செயலாக அறிந்துகொண்டேன்.

ஆனால் விரலை ஏமாற்றுவதும் உண்டு. ஓர் ஐப்பசியில், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் சாய்வு நாற்காலிக்கு ஐந்து பூச்சுக் கொடுத்தேன். கைக்குக் கண்ணாடிபோல் இருந்தது. எடுத்துப் போக வந்தவர், “என்னப்பா, வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு! கண்ணு தெரியாத பையன்கிட்ட கொடுத்தா இப்படித்தான்” என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. மாமாதான், “இல்லங்கய்யா, நேத்துப் பெஞ்ச மழையில எவன் போட்டாலும் பூத்திருக்கும். நான் பார்த்திருக்கணும்” என்றார். பின்னர் என்னிடம் தனியே, “மாப்ளே, ரெண்டு நாள் வெயில் வரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

குளிர்ந்த நீர் உள்ள டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான் இதுவும். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகிப் பலகையைக் குளிரச் செய்ய, மழைக்காலக் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து அரக்குக்குள் சிக்கிக்கொள்கிறது. வழவழப்பு கெடுவதில்லை, நிறம் மட்டும் வெளுக்கிறது. எனக்குக் கைகொடுத்த குளிர்ச்சியே அன்று என்னைக் கவிழ்த்தது. வெயில் வந்த நண்பகலில், ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பொட்டலத்தால் விரைந்து ஒருமுறை வருடினேன். “போயிருச்சு மாப்ளே” என்றார் மாமா. பெரியவர் பேசியபடி கூலியைக் கொடுத்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போனார்.

நிறம் என் வேலையன்று என்பதை நான் ஒளிப்பதில்லை. பழைய நாற்காலியின் நிறத்துக்குப் புதிய காலைப் பொருத்த வேண்டுமென்றால் சாயம் கலப்பது மாமாதான். கைபேசியில் நிறம் சொல்லும் செயலி இருக்கிறது. அது தேக்கையும் வேம்பையும் ஒரே ‘பழுப்பு’ என்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

ஆனால் காற்றின் ஈரத்தை அறிய ஒரு வழி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பட்டறைக்குக் கிளம்புமுன் அடுக்களைக்குப் போய், அத்தையின் கல்லுப்பு ஜாடியில் கைவிட்டுப் பார்ப்பேன். உப்பு கலகலவென்று உதிர்ந்தால் பாலிஷ் உண்டு. கசிந்து ஒட்டினால் அன்று உப்புத்தாள் வேலை மட்டுந்தான்.

இதை எழுதும்போது இரண்டு நாற்காலிகள் பட்டறையில் காத்திருக்கின்றன. இன்று காலையும் உப்பு கசிந்திருந்தது.