எம்மரம் நடுவது? சாஹெல் உழவர் தந்த விடை

சஹாராப் பாலைவனத்தின் தென்புறத்தே, செனகல் முதல் சூடான் வரை நீண்டு கிடக்கும் வறள்நிலத்திற்குச் சாஹெல் என்று பெயர். 'ஸாஹில்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது; கரை என்பது பொருள். மணற்கடலின் கரை எனக் கொள்க. 1968 முதல் 1973 வரை நீடித்த கொடிய வறட்சிக்குப் பின்னர் அங்கு மரம் நடச் சென்றோர், பெரும்பாலும் தைலமரத்தையும் நம் நாட்டு வேம்பையுமே நட்டனர். உழவரை வினவியோர் அரியர்.

1990களில் நிலை மாறிற்று. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வேளாண்காட்டியல் மையத்தார், மாலி, நைஜர், புர்க்கினா ஃபாசோ, செனகல் நாடுகளின் சிற்றூர் மக்களையே மரங்களைத் தேர்ந்து தரும்படி வேண்டினர். முன்வரிசையில் வந்தவை பெருக்கமரம், ஷியா, நெரே, புளி, இலந்தை ஆகியன. பின்னிரண்டும் நம் சிற்றூர்ச் சிறுவரும் அறிந்தவையல்லவா?

பழத்தின் சுவை மட்டுமே இத்தேர்வின் அளவுகோல் அன்று. கம்பு அறுவடைக்கு முந்திய மழை மாதங்களில் குதிர்கள் வெறுமையாகும்; ஷியாப் பழம் கனிவதும் அப்பொழுதே. அதன் பருப்பிலிருந்து பெண்டிர் வெண்ணெய் எடுத்து விற்பர். பெருக்கமரத்தின் பழமாவை நீரிற் கரைத்துப் பருகுவர். இலையை உலர்த்திப் பொடித்துக் குழம்பில் இடுவர். மாலி மக்கள் அம்மரத்தைக் கரும்பட்டை, செம்பட்டை, சாம்பற்பட்டை, கரிய இலை என வகுத்து, இலைக்கெனக் கரிய இலை வகையையே நாடுவர். ஆய்வாளர் இவ்வகைப்பாட்டை உழவரிடமிருந்தே கற்றனர் என்பது கருதத்தக்கது.

விதையிட்டு வளர்த்த ஷியா காய்க்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கட்டினால் இக்காலம் பெரிதும் குறையும். இலந்தையிலோ, அந்நாட்டு வேர்க்கன்றின்மேல் இந்தியாவின் 'கோலா' வகையை ஒட்டிப் பெரும்பழம் பெறுகின்றனர்.

இனி, மரத்திற்கு உரியவர் யார் என்னும் வினா எழுகிறது. பிரெஞ்சு ஆட்சியின் 1935ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, தன் வயலில் நிற்கும் காப்புமரத்தையும் உழவன் இசைவின்றி வெட்டலாகாது. காக்க எழுந்த சட்டமே, முளைத்த கன்றை முளையிலேயே களையச் செய்தது. நைஜரில் 1980களின் நடுவிலிருந்து உழவர் அடிக்கட்டைத் தளிர்களைத் தாமே பேணி, ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் விளைநிலத்தில் மரங்களை மீட்டனர். எனினும் மரம் நடுதல் பல ஊர்களில் நிலத்திற்கு உரிமை கோருவதாகவே கொள்ளப்படுவதால், பெண்டிர்க்கும் பிறர் நிலத்தில் உழுவோர்க்கும் அது எளிதில் வாய்ப்பதில்லை. ஷியாவைப் பொறுக்குவோரும் பெருக்க இலையைப் பறிப்போரும் பெரும்பாலும் அப்பெண்டிரே. மாலியில் அவர்கள் பெருக்க விதையைத் தோட்டப் பாத்தியில் நெருக்கி விதைத்துக் கீரைபோல் கொய்கின்றனர். மரமாக வளராத அதன்மேல் உரிமை வழக்கு எழ இடமில்லை எனலாம்.